வால்வை நம்பி வானத்தைக் காவல் காத்த கதை

கேள்வி இதுதான்: "1940, 50களில் ராணுவத்துக்காகக் கட்டிய கணினிகளில் ஆயிரக்கணக்கில் வால்வுகள் இருந்தன. வால்வு அடிக்கடி கெட்டுப்போகிற சாமான். அப்படியிருக்க, ஒரு நாட்டின் வான் பாதுகாப்பையே எப்படி அதனிடம் ஒப்படைத்தார்கள்? வடிவமைப்பில் அப்படி என்ன செய்தார்கள்?"

இதைப் படித்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பழைய கணினிகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் எத்தனை டன் எடை, எத்தனை அறையை அடைத்தது என்பதோடு பெரும்பாலும் நிறுத்திவிடுவார்கள். அவற்றை வடிவமைத்தவர்கள் ராப்பகலாக மல்லுக்கட்டியது நீங்கள் கேட்ட இந்த ஒரு விஷயத்தோடுதான். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

வால்வு என்பது டிரான்சிஸ்டர் வருவதற்கு முன் மின்னோட்டத்தை விடவும் தடுக்கவும் பயன்பட்ட, உள்ளே சூடாகும் இழை கொண்ட கண்ணாடிக் குழாய். முதலில் ஒரு கணக்கு. ஒரு வால்வு சராசரியாக 500 மணி நேரம் உழைக்கும் என்று வைத்துக்கொள்வோம். வீட்டு ரேடியோவில் ஐந்தாறு வால்வுதான் இருக்கும். தினமும் மூன்று மணி நேரம் பாட்டுக் கேட்டால் ஒரு வால்வு ஐந்து மாதத்துக்கு மேல் வரும். போனால் கடையில் வேறொன்று வாங்கிச் செருகிக்கொள்ளலாம். அதே வால்வில் 50,000 எண்ணிக்கையை ஒரே இயந்திரத்தில் போட்டால், சராசரியாக 36 விநாடிக்கு ஒன்று போகும். ஒன்று போனாலே விடை தப்பாகிவிடும். கெட்டது எது என்று தேடிப் பிடிப்பதற்குள் இன்னும் பத்து போயிருக்கும். அனுபவமுள்ள பொறியாளர்களே அன்றைக்கு "ஆயிரக்கணக்கில் வால்வு வைத்தால் வேலைக்கு ஆகாது" என்று சொன்னதற்குக் காரணம் இந்த எளிய வகுத்தல் கணக்குதான்.

அதுவரை போர்க்கப்பல்கள் நம்பியிருந்தது பற்சக்கரங்களை. அமெரிக்கக் கடற்படைக்கு ஃபோர்டு இன்ஸ்ட்ருமென்ட் நிறுவனம் செய்துகொடுத்த மார்க் 1 என்ற பீரங்கிக் கணிப்பொறி சுமார் 1,400 கிலோ எடை. உள்ளே முழுக்க சக்கரம், தண்டு, வளைவு வெட்டிய உலோகத் துண்டுகள். எதிரியின் வேகம், நம் கப்பலின் வேகம், காற்று எல்லாவற்றையும் தண்டுகளின் சுழற்சியாக மாற்றிக் கூட்டிக் கழித்து, பீரங்கியை எந்தக் கோணத்தில் திருப்ப வேண்டும் என்று இடைவிடாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த இயந்திரங்களை அயோவா வகைப் போர்க்கப்பல்கள் 1991 வளைகுடாப் போர் வரை பயன்படுத்தின. அவ்வளவு உறுதி. ஆனால் ஒரு கணக்குக்கென்று வெட்டிய உலோகம் இன்னொரு கணக்கைப் போடாது. வேகத்துக்கும் எல்லை உண்டு. வால்வின் பக்கம் போக வேண்டிய கட்டாயம் அங்கிருந்துதான் வந்தது.

வால்வை முதலில் பெரிய எண்ணிக்கையில் துணிந்து கையில் எடுத்தவர் ஒரு தொலைபேசிப் பொறியாளர் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். பிரிட்டனின் அஞ்சல் துறை ஆய்வு நிலையம் லண்டனின் டாலிஸ் ஹில்லில் இருந்தது. அங்கே வேலை பார்த்தவர் டாமி ஃபிளவர்ஸ். போருக்கு முன்பே தொலைபேசி இணைப்பகக் கருவிகளில் வால்வுகளைப் போட்டுப் பழகியவர். இணைப்பகத்தை யாரும் ராத்திரி அணைத்துவிட்டு வீட்டுக்குப் போவதில்லை. வருஷக்கணக்கில் ஓடிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்துப் பார்த்து அவர் ஒன்றைக் கண்டுகொண்டிருந்தார்: வால்வு பெரும்பாலும் போவது போடும்போதும் அணைக்கும்போதும்தான். குண்டு பல்பு சுவிட்சைத் தட்டுகிற நேரத்தில் ஃபியூஸ் ஆவதை நாமே பார்த்திருக்கிறோமே, அதே கதை. சூடாகி விரிவதும் ஆறிச் சுருங்குவதும்தான் இழையைக் கொல்கிறது. போட்டதை அணைக்காமல் விட்டால் வால்வு நீண்ட நாள் வாழும்.

ஜெர்மன் ராணுவத் தலைமை பயன்படுத்திய லோரன்ஸ் ரகசியக் குறியீட்டை உடைக்க, பிரிட்டனின் குறியீடு உடைக்கும் மையமான பிளெட்ச்லி பார்க்கில் அப்போது ஓர் இயந்திரம் வைத்திருந்தார்கள். அதில் இரண்டு காகித நாடாக்கள் ஒன்றோடொன்று இம்மி பிசகாமல் சேர்ந்து ஓட வேண்டும். அதிவேகத்தில் நாடா இழுபட்டு நீளும், ஓட்டம் பிசகும், விடை கெடும். ஃபிளவர்ஸ் ஒரு நாடாவையே தூக்கிவிட்டு, அதில் இருந்ததை வால்வுச் சுற்றுகளே உண்டாக்கும்படி செய்யலாம் என்றார். 1,500-க்கும் மேல் வால்வு தேவை என்றதும் பிளெட்ச்லியில் இருந்தவர்கள் நம்பவில்லை. அவர் டாலிஸ் ஹில்லில் தன் ஆட்களை வைத்துக் கட்டியே காட்டினார். 1943 டிசம்பரில் ஓடியது, 1944 தொடக்கத்தில் பிளெட்ச்லிக்குப் போனது. அதுதான் கொலோசஸ்.

மிச்சமிருந்த அந்த ஒரு நாடாவை அவர் கையாண்ட விதத்தைப் பாருங்கள். விநாடிக்கு 5,000 எழுத்து, அதாவது மணிக்கு சுமார் 45 கிலோமீட்டர் வேகத்தில் காகிதம் பறக்கிறது. அதன் வேகம் கொஞ்சம் ஏறும், இறங்கும். இயந்திரத்தின் தாளத்துக்கு நாடாவை இழுத்து வைக்காமல், நாடாவில் இருந்த வரிசைத் துளைகளையே தாளமாக எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு துளை கடக்கும்போதும் மொத்த இயந்திரமும் ஓர் அடி நகரும். நாடா இழுபட்டாலும் இயந்திரம் அதனோடு சேர்ந்தே நடக்கும் என்பதால் பிசகு வராது. அதிகமாக வால்வு வைத்த இரண்டாவது வடிவம் 1944 ஜூன் 1 அன்று, நார்மண்டித் தரையிறக்கத்துக்கு ஐந்து நாள் முன்னால், ஓடத் தொடங்கியது. போர் முடிவதற்குள் பத்து இயந்திரங்கள் ஆகியிருந்தன. ஆனால் 1970கள் வரை எல்லாம் ரகசியம். ஃபிளவர்ஸ் கண்டதை அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் தாங்களாகவே மறுபடி கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

அந்தப் பக்கம் இருந்தது எனியாக். அமெரிக்க ராணுவத்தின் பீரங்கி அட்டவணைகளுக்காகப் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மூர் ஸ்கூலில் கட்டியது. ஒரு குண்டு 60 விநாடி பறக்கும் பாதையைக் கையால் கணக்கிட ஒருவருக்கு 20 மணி நேரம் ஆகும். எனியாக் அரை நிமிடத்தில் போட்டுவிடும். 17,468 வால்வுகள். தலைமைப் பொறியாளர் பிரெஸ்பர் எக்கர்ட் இளைஞர்தான், ஆனால் எதையும் நம்பாத மனிதர். வால்வுகளைத் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு நன்றாகக் கீழே வைத்தே ஓட்டினார். இழைக்குக் குறைந்த மின்னழுத்தம், மற்ற பாகங்களுக்கும் தாங்கக்கூடியதில் ஒரு பங்கு சுமைதான். வண்டியில் பத்து மூட்டை ஏற்றலாம் என்றால் மூன்று மூட்டையோடு நிறுத்திக்கொள்கிற ஆள். வயர்களின் மேலுறையை எலி கடித்தால் என்ன ஆகும் என்று கவலைப்பட்டு, பசித்த எலிகளுக்கு விதவிதமான வயர்களைப் போட்டுப் பார்த்து, அவை தொடாத ரகத்தைத் தேர்ந்தெடுத்தார். சிரிக்கிற விஷயமாகத் தோன்றலாம். எனக்கு அந்த மனிதர் மேல் மரியாதை வந்ததே இந்தச் செய்தியால்தான். கடைசியில் வால்வு சராசரியாக இரண்டு நாளுக்கு ஒன்றுதான் போனது என்று எக்கர்ட் பின்னாளில் சொன்னார். செருகிக் கழற்றும் பெட்டிகளாகச் செய்திருந்ததால் பழுதைச் சில நிமிடங்களில் கண்டுபிடிக்க முடிந்தது.

சரி, இரண்டு நாளுக்கு ஒன்று என்பது பெரிய சாதனைதான். ஆனால் எனியாக் போட்ட கணக்கு எப்படிப்பட்டது? பாதியில் நின்றால் வால்வை மாற்றிவிட்டு மறுபடி ஓட்டலாம். அட்டவணை ஒரு நாள் தாமதமாகும், அவ்வளவுதான். கணினி ஓடுகிற அதே நேரத்தில் விமானமும் பறந்துகொண்டிருக்கிறது என்றால் நிலைமை வேறு. விமானம் காத்திருக்காது. உங்கள் கேள்வியின் கனம் இங்கேதான் இருக்கிறது, அதற்கான விடை கிடைத்த இடம் அமெரிக்காவின் எம்ஐடி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்.

1944-இல் அமெரிக்கக் கடற்படை எம்ஐடியிடம் விமானிகளுக்குப் பயிற்சி தரும் கருவி ஒன்றைக் கேட்டது. விமானி பொம்மை விமான அறையில் உட்கார்ந்து கைப்பிடியைத் திருப்பினால், உண்மையான விமானம் எப்படி நடந்துகொள்ளுமோ அப்படியே அந்த அறையும் உடனுக்குடன் நடந்துகொள்ள வேண்டும். பொறுப்பேற்றவர் ஜே ஃபாரஸ்டர், வயது 26. கூட இருந்தவர் ராபர்ட் எவரெட். முதலில் மின்னழுத்தங்களை வைத்து உவமைக் கணிப்பொறியாகத்தான் செய்யப் பார்த்தார்கள், சரிவரவில்லை. 1945-இல் பெர்ரி கிராஃபோர்ட் என்பவர் எண்முறைக் கணினியாகவே செய்துபார்க்கச் சொன்னார். அதிலிருந்து பிறந்தது வேர்ல்விண்ட். சுமார் 5,000 வால்வுகள், 16 பிட் அகலம், அதாவது ஓர் எண்ணுக்கு 0, 1 என்ற இலக்கங்கள் 16.

அந்தக் காலத்துக் கணினிகள் பல, பிட்களை ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் அனுப்பிக் கூட்டின. சுற்றுகள் குறையும், ஆனால் மெதுவாகப் போகும். வேர்ல்விண்டுக்கு நேரம் இல்லை. 16 பிட்டையும் ஒரே நேரத்தில் பக்கம் பக்கமாகக் கூட்டுகிற மாதிரி வைத்தார்கள். விஞ்ஞானிகள் நீளமான எண்களுக்காக 40 பிட் கேட்டுக்கொண்டிருந்தபோது, இவர்கள் 16 போதும் என்றார்கள். அளக்கிற கருவியே அதைவிடத் துல்லியமாக எதையும் சொல்லாது என்கிறபோது வெற்று இலக்கங்களை எதற்குச் சுமக்க வேண்டும்? அலமாரிகளை நெருக்கமாக அடுக்காமல் ஆள் நடந்து போகும்படி விட்டு, ஒவ்வொரு சுற்றும் கைக்கு எட்டும்படி வைத்தார்கள். முழு இயந்திரத்தையும் கட்டுவதற்கு முன் ஐந்து பிட் எண்களை மட்டும் பெருக்கும் ஒரு சிறு மாதிரியைச் செய்து, பிழை எங்கிருந்தெல்லாம் வருகிறது என்று கவனித்தார்கள்.

இங்கே வால்வு பற்றி யாருக்கும் தெரியாத ஒரு நோய் வெளிப்பட்டது. ரேடியோவில் வால்வு வழியாக எப்போதும் மின்னோட்டம் போய்க்கொண்டே இருக்கும். கணினியில் அப்படியில்லை. ஒரு வால்வு நீண்ட நேரம் "இல்லை" என்ற நிலையிலேயே சும்மா நிற்கும். சூடு இருக்கும், ஓட்டம் இருக்காது. அப்படி நின்ற வால்வுகள் சில நூறு மணி நேரத்தில் பலமிழந்தன. துப்பறிந்து பார்த்தபோது குற்றவாளி கேத்தோடுக்குள், அதாவது சூடாகி எலக்ட்ரான்களை வெளிவிடும் பாகத்துக்குள் இருந்தது. கேத்தோடின் நிக்கல் குழலில், தயாரிப்புக்கு வசதியாக இருக்கட்டும் என்று கொஞ்சம் சிலிக்கான் சேர்ப்பது வழக்கம். ஓட்டமில்லாமல் சூட்டில் நிற்கும்போது அந்தச் சிலிக்கான் மேல்பூச்சோடு வினைபுரிந்து, இரண்டுக்கும் நடுவே மின்சாரத்தைத் தடுக்கும் மெல்லிய படலமாக வளர்ந்தது. சிலிக்கானை எடுத்துவிட்டதும் நோய் போனது. ஒரே அடியில் வால்வின் ஆயுள் 500 மணியிலிருந்து 5 லட்சம் மணிக்குப் போனது என்பது ஃபாரஸ்டர் சொன்ன கணக்கு. முதலில் போட்ட வகுத்தலை இந்த எண்ணை வைத்துப் போட்டுப் பாருங்கள்: 50,000 வால்வில் 36 விநாடிக்கு ஒன்று போனது, இப்போது பத்து மணி நேரத்துக்கு ஒன்று. ரேடியோவுக்கென்று செய்த வால்வுகளையே எடுத்துப் போட்டுக்கொண்டிருந்த காலம் போய், சில்வேனியா நிறுவனம் 7ஏகே7 என்ற வால்வைக் கணினிக்கென்றே செய்துகொடுத்தது.

ஆனால் பத்து மணி நேரத்துக்கு ஒன்று என்பதும் வான் பாதுகாப்புக்குப் போதாது. ஃபாரஸ்டரின் அடுத்த யோசனைதான் இந்தக் கதையிலேயே அழகானது என்று நான் நினைக்கிறேன். மண்பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்போம் அல்லவா? கண்ணுக்குத் தெரியாத விரிசல் காதுக்குத் தெரிந்துவிடும். வால்வும் பெரும்பாலும் பட்டென்று சாவதில்லை. மெல்ல மெல்லத் தளர்கிறது. அப்படியானால் அது விழுவதற்கு முன்பே தட்டிப் பார்க்க வழி வேண்டும். இயந்திரத்தைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் போகும் மின்னழுத்தத்தை வேண்டுமென்றே ஏற்றியும் இறக்கியும் வைத்துச் சோதனை நிரல்களை ஓட்டினார்கள். திடமான வால்வு அந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கும். தளர்ந்த வால்வு சாதாரண அழுத்தத்தில் இன்னும் சரியாகவே வேலை செய்துகொண்டிருந்தாலும் இந்தச் சோதனையில் தடுமாறிவிடும். அதை உடனே பிடுங்கிவிட்டு வேறொன்றைச் செருகுவார்கள். மார்ஜினல் செக்கிங் என்று இதற்குப் பெயர். நடுவில் விழ வேண்டிய வால்வு, சோதனை நேரத்தில், ஆள் பக்கத்தில் நிற்கும்போது விழுந்துவிடும். சாகப்போகிற பாகத்தைச் சாகும் முன்பே கண்டுபிடிக்கும் வேலையை முதல் நாளிலிருந்தே மின் இணைப்பிலேயே சேர்த்துக் கட்டினார்கள். பின்னால் ஒட்டவைத்த ஏற்பாடாக இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

வால்வை ஒருவழியாக வழிக்குக் கொண்டுவந்த பிறகு நினைவகம் காலை வாரியது. ஆரம்பத்தில் டிவி குழாய் மாதிரியான குழாய்களின் பரப்பில் மின்னேற்றப் புள்ளிகளாகத் தகவலை வைத்தார்கள். அவை விலை கூடியவை, அற்பாயுசு, அடிக்கடி தடுமாறுபவை. 1949-இல் ஃபாரஸ்டர் ஒரு விளம்பரத்தில் டெல்டாமேக்ஸ் என்ற காந்தப் பொருளைப் பார்த்தார். ஓர் எல்லை வரை அசையாது. எல்லையைத் தாண்டியதும் சட்டென்று காந்தத் திசை புரளும். இந்தக் குணத்தை வைத்து அவர் யோசித்தது இது: குட்டிக் குட்டி வளையங்களைக் கட்டம் கட்டமாக வைத்து, ஒவ்வொன்றின் வழியாகவும் குறுக்காக ஒரு கம்பி, நெடுக்காக ஒரு கம்பி கோர்க்க வேண்டும். புரட்டத் தேவையான மின்னோட்டத்தில் பாதியை ஒரு குறுக்குக் கம்பியிலும் பாதியை ஒரு நெடுக்குக் கம்பியிலும் விட்டால், இரண்டும் சந்திக்கிற ஒரே ஒரு வளையத்துக்கு மட்டும் முழு அளவு கிடைத்து அது புரளும். மற்றவை பாதியைத்தான் உணரும், அசையாது. 32 குறுக்கு, 32 நெடுக்கு, ஆக 64 கம்பியை வைத்து 1,024 வளையங்களில் எதை வேண்டுமானாலும் தொடலாம். மின்சாரம் போனாலும் வளையம் மறக்காது.

உலோக வளையம் மெதுவாகப் புரண்டது. ஃபெரைட் என்ற பீங்கான் மாதிரியான பொருளுக்கு மாறினார்கள். வில்லியம் பேப்பியன் என்ற மாணவர் வளையங்களை ஒவ்வொன்றாகச் சோதித்தார். கென் ஓல்சன் என்ற இன்னொரு இளைஞர் இந்த நினைவகத்தைப் பரிசோதிக்கவே தனியாக ஒரு கணினி கட்டினார். (இதே ஓல்சன்தான் 1957-இல் டிஇசி கணினி நிறுவனத்தைத் தொடங்கினார்.) 1953 ஆகஸ்டில் வளைய நினைவகம் வேர்ல்விண்டில் ஏறியது. நினைவகத்தைத் தொட ஆன நேரம் 25 மைக்ரோ விநாடியிலிருந்து 9-க்கு இறங்கியது. ஆனால் நான் பெரிதாக நினைப்பது அந்த வேகத்தை அல்ல. நினைவகப் பராமரிப்புக்கு நாளைக்கு நாலு மணி நேரம் ஆகிக்கொண்டிருந்தது. அது வாரத்துக்கு இரண்டு மணி நேரமாகக் குறைந்தது. இரண்டு மணிக்கு ஒருமுறை வந்த பிழை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆனது. அடுத்த இருபது வருஷம் உலகத்தில் பெரும்பாலான கணினிகளின் நினைவகம் இந்தக் கோர்த்த வளையங்கள்தான். இதே திசையில் ஹார்வர்டில் ஆன் வாங், ஆர்சிஏ நிறுவனத்தில் யான் ராய்க்மன் ஆகியோரும் வேலை செய்தார்கள். காப்புரிமைச் சண்டை பல வருஷம் நடந்து, 1964-இல் ஐபிஎம் எம்ஐடிக்கு 1.3 கோடி டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது.

இதற்கிடையில் வேர்ல்விண்டின் எஜமானே மாறிவிட்டார். பணம் தண்ணீராகச் செலவாகிறது என்று கடற்படை கையை விரிக்கும் நேரத்தில், 1949 ஆகஸ்டில் சோவியத் யூனியன் அணுகுண்டை வெடித்தது. வடதுருவம் வழியாகக் குண்டுவீச்சு விமானங்கள் வந்தால் என்ன செய்வது என்று அமெரிக்க விமானப்படைக்குக் கவலை. ரேடார்கள் இருந்தன. ஆனால் ஒவ்வொரு ரேடார் நிலையத்திலும் ஆட்கள் புள்ளியைப் பார்த்து, தொலைபேசியில் சொல்லி, இன்னொருவர் கண்ணாடிப் பலகையில் எழுதுகிற ஏற்பாடு. ஜெட் வேகத்துக்கு இது ஈடுகொடுக்காது. இதை ஆராய்ந்த குழுவின் தலைவர் ஜார்ஜ் வேலியும் எம்ஐடிக்காரர்தான். உடனடியாகப் பதில் சொல்லும் கணினி அங்கேயே இருப்பது அவருக்கு ஒரு சக பேராசிரியர் சொல்லித்தான் தெரியவந்தது. 1951 ஏப்ரலில் வேர்ல்விண்ட், ரேடார் தகவலை வாங்கி ஒரு விமானத்தை இன்னொன்றின் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திக் காட்டியது. அங்கிருந்து வளர்ந்ததுதான் சேஜ் என்ற வான் பாதுகாப்பு ஏற்பாடு.

சேஜின் கணினிக்கு ஏஎன்/எஃப்எஸ்கியூ-7 என்று பெயர். கட்டியது ஐபிஎம். ஒவ்வொரு மையமும் ஜன்னல் இல்லாத நாலு மாடிக் கான்கிரீட் கட்டடம். ஒரு மையத்தின் கணினி சுமார் 250 டன், 49,000 வால்வுகள், 3 மெகாவாட் வரை மின்சாரம். விநாடிக்கு சுமார் 75,000 கட்டளைகள். உங்கள் கேள்விக்கான கடைசிப் பதில் இங்கே இருக்கிறது: ஒவ்வொரு மையத்திலும் இரண்டு கணினிகள். ஒன்று வானத்தைப் பார்க்கும். மற்றது அருகிலேயே சூடாக, தயாராக நிற்கும். சும்மா நிற்காது, மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கித் தட்டிப் பார்க்கும் சோதனை அதன்மேல் நடக்கும், தளர்ந்த வால்வுகள் கழற்றப்படும், பயிற்சி நடக்கும். இரண்டுக்கும் நடுவே, தகவலைக் காந்தப் பரப்பில் வைத்திருக்கும் ஒரு காந்த உருளை. நடப்பு நிலவரத்தை ஓடுகிற இயந்திரம் அதில் எழுதிக்கொண்டே வரும். அது படுத்தால் மற்றது உருளையைப் படித்துவிட்டு வேலையை எடுத்துக்கொள்ளும்.

பலன் என்ன? 1978 மார்ச் முதல் 1980 பிப்ரவரி வரை எடுத்த கணக்கில், ஒரு மையத்தின் இரண்டு கணினியும் சேர்ந்து நின்றுபோன நேரம் வருஷத்துக்குச் சராசரியாக 3.77 மணி. இருபது வருஷப் பழைய வால்வு இயந்திரம் இது! அந்த எண்ணை முதன்முதலில் படித்தபோது நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

தகவல் உள்ளே வரும் வழியிலும் இதே அக்கறைதான். தூரத்து ரேடார்கள் தொலைபேசிக் கம்பி வழியாக விநாடிக்கு 1,300 பிட் வேகத்தில் தகவல் அனுப்பும். எந்த நொடியில் வரும் என்று கணினியால் சொல்ல முடியாது. ஒவ்வொன்றுக்கும் கணினி வேலையை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தால் மற்ற வேலை நடக்காது. அதனால் நடுவில் சுழலும் காந்த உருளைகளை வைத்தார்கள். கம்பியில் வருவது தன் வேகத்தில் உருளையில் விழும். கணினி தன் வசதிப்படி மொத்தமாக அள்ளிக்கொள்ளும். அப்படி அள்ளும்போதும் நிரல் நிற்காது. நினைவகத்தை ஒருமுறை தொடுகிற நேரத்தை மட்டும் கடன் வாங்கிக்கொண்டு தகவல் நேராக உள்ளே போகும். இன்றைக்கு நம் கையில் இருக்கும் போனிலும் நினைவகத்துக்குள் தகவல் போவது இந்த வழியில்தான். ஒரு சொல்லுக்கு 32 பிட் என்று வைத்து, அதை 16, 16 என்று இரண்டு பாதியாகப் பிரித்து, இரண்டு பாதியையும் ஒரே கட்டளையில் கணக்கிட்டார்கள். விமானம் இருக்கும் இடம் கிழக்கு மேற்காக ஓர் எண், வடக்கு தெற்காக ஓர் எண். இரண்டும் எப்போதும் சேர்ந்தேதான் கூட்டிக் கழிக்கப்படும். அந்தக் கணக்குக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அது.

மங்கலான நீல வெளிச்சத்தில் வட்டத் திரைகளுக்கு முன்னால் விமானப்படை வீரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். திரையில் தெரியும் புள்ளியைத் துப்பாக்கி மாதிரியான ஒரு கருவியால் சுட்டினால், "இதைத்தான் சொல்கிறார்" என்று கணினிக்குத் தெரியும். கருவியின் முனையில் ஒளி உணரி இருந்தது. எந்தப் புள்ளியை எந்தக் கணத்தில் வரைகிறோம் என்பது கணினிக்குத் தெரியும்; அந்தக் கணத்தில் உணரி கண் சிமிட்டினால் அதுதான் அந்தப் புள்ளி. எவரெட் இதை வேர்ல்விண்டுக்காகச் செய்தார். கன்சோலிலேயே சிகரெட் பற்றவைப்பானும் சாம்பல் கிண்ணமும் பொருத்தியிருந்தார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். முதல் மையம் நியூ ஜெர்சியின் மக்கையர் தளத்தில் 1958-இல் வேலைக்கு வந்தபோது, சோவியத் யூனியன் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணையை ஏற்கெனவே சோதித்துவிட்டது. சேஜ் விமானங்களுக்கென்று கட்டப்பட்டது. ஏவுகணைக்கு எதிராக அதனால் ஒன்றும் செய்ய முடியாது. உண்மையான தாக்குதல் எதையும் அது சந்திக்கவும் இல்லை. ஆனாலும் கடைசி மையங்கள் 1983 வரை ஓடின.

ஏவுகணை வந்ததும் வடிவமைப்பே தலைகீழானது. 250 டன்னை மூக்கில் வைத்துப் பறக்க முடியாது. அட்லஸ் ஏவுகணைக்குள் இருந்த கணினியில் இலக்கு எண்களை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு, ஆர்மா நிறுவனத்தில் வேலை பார்த்த வென் சிங் சோ 1956-இல் ஒரு விடை கண்டார்: மின்சாரத்தை ஒரு பக்கமாக மட்டும் விடும் டயோடுகளை வரிசையாக வைத்து, வேண்டாத இடங்களில் அதிக மின்னோட்டம் விட்டு அவற்றின் மெல்லிய முனையை எரித்துவிடுவது. எரிந்தது எரிந்ததுதான், அதிர்ச்சியிலும் குலுக்கலிலும் மாறாது. சிப்பில் நிரலை ஏற்றுவதைச் சர்வீஸ் கடைகளில் "பர்ன் பண்றது" என்று சொல்வது இன்னும் இருக்கிறதே, அது அந்த எரிப்பிலிருந்து வந்த சொல்தான்.

மினிட்மேன் ஏவுகணைக்கு ஆட்டோநெடிக்ஸ் செய்த டி-17பி கணினி 30 கிலோவுக்குள் அடங்கியது. வால்வே கிடையாது, டிரான்சிஸ்டரும் டயோடும்தான். வேர்ல்விண்ட் ஒதுக்கிய பழைய முறைக்கு இங்கே திரும்பினார்கள்: பிட்களை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பிக் கூட்டுவது. மெதுவாகத்தான் போகும், ஆனால் பாகங்கள் குறையும்; பாகம் குறைந்தால் கெடுவதும் குறையும், எடையும் குறையும். ஓர் ஏவுகணையைத் திருப்ப அந்த வேகம் போதும். வாங்குகிற ஒவ்வொரு டிரான்சிஸ்டரும் எந்தத் தொகுதியில் செய்தது, எப்படிக் கெட்டது என்று பின்தொடர்ந்து, தயாரிப்பாளர்களின் தரத்தையே உயர்த்தினார்கள். அடுத்த வடிவமான மினிட்மேன் 2-க்கு 1960களின் நடுவில் ஐசிகளை (பல டிரான்சிஸ்டர்களை ஒரே சில்லில் அடக்கியவை) வாங்கியபோது, அப்பல்லோ நிலவுத் திட்டத்தோடு சேர்த்து அந்தத் தொழிலின் மிகப் பெரிய வாடிக்கையாளர்களில் ஒன்றாக அது இருந்தது.

டி-17பி-யின் நினைவகம் நிமிடத்துக்கு 6,000 சுற்றுச் சுழலும் ஒரு சிறு காந்தத் தகடு. ஏவுகணை நிலத்தடிக் கிணற்றில் வருஷக்கணக்கில் நிற்கும். உத்தரவு வந்தால் ஒரு நிமிடத்துக்குள் கிளம்ப வேண்டும். அதுவரை அணைத்து வைத்துவிட்டு, அந்த நேரத்தில் சுவிட்சைப் போட்டுப் பார்ப்பதா? கூடாது என்று முடிவு செய்தார்கள். ஃபிளவர்ஸின் வால்வுகள் மாதிரியே, கிணற்றுக்குள் அந்தத் தகடும் அதன் பக்கத்தில் இருந்த, ஏவுகணையின் திசையைக் காட்டும் சுழல்காட்டிகளும் இரவு பகலாகச் சுழன்றுகொண்டே இருந்தன.